ஷவர் கண்ணாடிக்குப் பாதுகாப்புப் பூச்சு: எங்கே பயன்படும், எங்கே வீண்

ஷவர் கண்ணாடிக்குப் பூசப்படும் பாதுகாப்புப் பூச்சு, தண்ணீரைக் கண்ணாடியில் படர்ந்து தங்கவிடாமல் வழிந்தோடச் செய்யும் மிக மெல்லிய படலம். உப்புக்கறை பிடிக்காது, தேய்க்கும் வேலை குறையும் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். நேனோ கோட்டிங், ஈஸி கிளீன், செராமிக் கோட்டிங் என்று கடைக்கு ஒரு பெயர். கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே சதுர அடிக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கேட்பார்கள். சின்ன பாட்டிலில் வாங்கி வீட்டிலேயே துணியால் பூசிக்கொள்ளும் வகையும் உண்டு. எதை வாங்கினாலும், அது எவ்வளவு பலன் தரும் என்பது பூச்சைவிட இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: குழாயில் என்ன தண்ணீர் வருகிறது, குளித்து முடித்ததும் கண்ணாடியை யார் துடைக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பூச்சுக்கும் கண்ணாடியின் பலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஷவருக்குப் போடும் 8 மி.மீ., 10 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கப்படுவதால் உறுதி பெறுகிறது; உடைந்தால் கூரிய துண்டுகளாக இல்லாமல் சிறு மணிகளாக நொறுங்குகிறது. அதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2553. நொறுங்கிய கண்ணாடி கீழே கொட்டாமல் பிடித்துவைக்கும் ஒட்டுப் பிலிம் இன்னொரு பொருள். கோட்டிங் போட்டிருக்கிறோம், உடையாது என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் அந்தக் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

கறை எப்படிப் பிடிக்கிறது

சுத்தமான கண்ணாடி தண்ணீரை விரும்பும் பொருள். மணலிலிருந்து வரும் சிலிக்காதான் அதில் ஏறக்குறைய 70 சதவீதம். மேற்பரப்பில் இருக்கும் சிலிக்கான்–ஆக்சிஜன்–ஹைட்ரஜன் கூட்டங்கள் தண்ணீரைப் பிடித்து இழுத்துப் பரப்பிவிடும். அப்படிப் பரவிய நீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. அதில் கரைந்திருந்ததெல்லாம் கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், காயும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கீசரின் உள்ளேயும் வெந்நீர் வாளியின் அடியிலும் வெள்ளையாகப் படிவது இதே சுண்ணாம்புதான். அளவு எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், ஒருவர் குளித்து முடித்ததும் கண்ணாடியில் 50 மில்லிலிட்டர் தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு குளியலுக்கு 25 மில்லிகிராம் சுண்ணாம்பு மிஞ்சுகிறது. தினம் இரண்டு குளியல் என்றால் வருடத்துக்கு 18 கிராம். அதே கண்ணாடிக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் வந்தால் வருடத்துக்கு 4 கிராம்கூடத் தேறாது. ஒரே கடையில் ஒரே கண்ணாடி வாங்கிய இரண்டு வீடுகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கியும் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான் காரணம்.

சுண்ணாம்போடு சோப்பும் சேர்ந்துகொள்கிறது. கடினநீரில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம், கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுவதுதான். இடுப்புயரத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் தொட்டால் வழுவழுவென்று இருக்கும் படலம் அது. பாடி வாஷ் வகைகளில் பெரும்பாலும் சோப்புக்குப் பதில் வேறு நுரைப்பொருட்கள் இருப்பதால் இந்தப் பிசுக்கு குறைவு. எண்ணெய்க் குளியல் அன்று தெறிக்கும் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் தனிக் கதை. எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்பதைப் பார்த்துப் பூச்சு இன்னும் வேலை செய்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது வகைக் கறை இன்னும் பிடிவாதமானது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். அந்தப் பாறையிலிருந்து இறைக்கும் போர் தண்ணீரில் சிலிக்காவும் கரைந்திருக்கும். அது காய்ந்து படிந்தால் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும்; வினிகருக்கும் எலுமிச்சைக்கும் அசையாது.

இதையெல்லாம் தாண்டிய நான்காவது நிலையைக் கறை என்றே சொல்ல முடியாது. ஈரம் நெடுநாள் நின்றால் கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் மெல்ல வெளியேறுகிறது. அதனால் மேலே நிற்கும் நீர்ப்படலம் காரத்தன்மை அடைந்து, சிலிக்காவையே அரிக்கத் தொடங்குகிறது. இப்படி அரிக்கப்பட்ட கண்ணாடியை எந்தத் திரவமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. சீரியம் ஆக்சைடு கொண்டு இயந்திரத்தால் பாலிஷ் போடலாம். இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். பூச்சின் உண்மையான மதிப்பு ஏதாவது உண்டென்றால், இந்த நான்காவது நிலை வராமல் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது. விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே அபூர்வம்.

தண்ணீரைச் சோதிப்பது

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. கண்ணாடிக்கென்று தனி வரம்பு கிடையாது. இந்த இரண்டு எண்களையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. வாட்டர் பியூரிஃபையர் விற்க வருபவர் பையிலிருந்து எடுக்கும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் தோராயமாகச் சொல்லும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாப்பாட்டு உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு, செலவில்லை. நன்றாகக் கழுவித் துடைத்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கைவாக்கில் வைத்து, ஷவர் தண்ணீரில் மூன்று சொட்டுகளைத் தள்ளித்தள்ளி விட்டு நிழலில் காயவிட வேண்டும். காய்ந்ததும் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வளையமாக நிற்கும். முதல் வளையத்தை வெறும் ஈரத்துணியால் துடைத்தால் முழுக்கப் போய்விடுகிறதென்றால் அது பெரும்பாலும் சோடிய உப்பு. மீஞ்சூர்ப் பக்கம்போலக் கடல்நீர் உள்ளே ஏறிய இடங்களின் கிணறுகளில் இது சாதாரணம். இரண்டாவது வளையத்தில் ஒரு துளி வினிகர் விட்டதும் பொடிப்பொடியாகக் குமிழி வந்து கரைந்தால் சுண்ணாம்பு. வினிகரை ஐந்து நிமிடம் வைத்துத் துடைத்த பிறகும் மெல்லிய நிழல்போல ஏதோ மிஞ்சினால் சிலிக்காவைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவதை அப்படியே ஒரு வாரம் விட்டுப் பார்த்தால், கவனிக்காமல் விட்ட கறை எவ்வளவு இறுகும் என்பது தெரியும்.

அப்பார்ட்மென்ட்களில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் ஒரே சம்ப்பில் கலக்கும். மழைக்காலத்தில் எடுத்த அளவு மே மாதத்துக்குப் பொருந்தாது. கோடையில் சோதிப்பதே சரி.

பூச்சு செய்வதும் செய்யாததும்

சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சிலேன் அல்லது சிலிக்கோன் வகையைச் சேர்ந்தவை. மழைக்காலத்தில் கார் கண்ணாடிக்குப் பூசும் ரெயின்-எக்ஸ் போன்ற திரவங்களும் இதே குடும்பம்தான். சிலேன் மூலக்கூறின் ஒரு முனை கண்ணாடியின் சிலிக்காவோடு வேதிப் பிணைப்பாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரை ஒதுக்கும் மறுமுனை வெளியே நீட்டி நிற்கிறது. உருவாகும் படலத்தின் தடிமன் சில நேனோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அதன்மேல் பரவாமல் துளியாகத் திரண்டு, கனம் கூடியதும் வழுக்கி இறங்கும்.

கடையில் காட்டும் செயல்விளக்கம் தாமரை இலைத் தண்ணீர்போல இருக்கும். ஆனால் தாமரை இலையில் நுண்ணிய மேடுபள்ளங்களும் மெழுகும் சேர்ந்து துளியை 150 பாகைக்கும் மேலான கோணத்தில் தூக்கிப் பிடிக்கின்றன. வழவழப்பான கண்ணாடியில் எவ்வளவு நல்ல பூச்சானாலும் 120 பாகையைத் தாண்டுவது கடினம். பெரும்பாலும் 100 முதல் 110 வரைதான். அதனால் பெரிய துளிகள் ஓடிவிடும், சின்னத் துளிகள் நின்றுவிடும். நின்ற துளி காயும்போது உப்பெல்லாம் ஒரு புள்ளியில் குவியும். பூச்சுப் போட்ட கண்ணாடியைத் துடைக்காமல் விட்டால் வெண்படலத்துக்குப் பதிலாக வெண்புள்ளிகள் வரும். மொத்தத்தில் உப்பு குறைவு என்பது உண்மைதான், ஆனால் வெளிச்சம் பட்டால் புள்ளிகள் படலத்தைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். பூச்சு போட்டும் கறை வருகிறது என்று புகார் சொல்பவர்களில் பலர் பார்ப்பது இதைத்தான்.

அந்தப் புள்ளிகள் பூச்சின் மேலே உட்கார்ந்திருக்கின்றன, கண்ணாடியைப் பிடிக்கவில்லை என்பதுதான் லாபம். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் வந்துவிடும். தேய்க்கும் வேலை போய்விடாது, எளிதாகும், அவ்வளவே.

பூச்சு தேயக்கூடியது. கார மருந்துகள் அந்தச் சிலேன் பிணைப்பை மெல்ல அறுக்கும். இரும்பு நார், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், தூள் கிளீனர் எல்லாம் அதைச் சுரண்டி எடுத்துவிடும். வீட்டு வேலைக்கு வருபவர் ஒரே ஒருநாள் நல்லெண்ணத்தோடு அழுத்தித் தேய்த்தாலே கொடுத்த பணம் சாக்கடையில் போய்விடும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது பூச்சுச் செலவின் ஒரு பகுதி.

'9எச் கடினம்' என்ற விளம்பர வரியைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அது பென்சில் கடினச் சோதனையின் அளவு. 9எச் என்பது அந்த வரிசையின் மிகக் கடினமான பென்சில். பூச்சு இல்லாத வெறும் கண்ணாடியிலும் பென்சிலால் கீறல் போட முடியாது.

சூரிய வெளிச்சத்தில் தானாகவே சுத்தமாகும் கண்ணாடி என்று சொல்லி டைட்டானியம் டையாக்சைடு பூசிய கண்ணாடிகளையும் சிலர் பரிந்துரைப்பதுண்டு. பில்கிங்டன் நிறுவனம் 2001-ல் அறிமுகப்படுத்திய ஆக்டிவ் இந்த வகை. அது வெளிப்புற ஜன்னல்களுக்கானது. புற ஊதாக் கதிரும் மழையும் வேண்டும். குளியலறைக்குள் இரண்டும் இல்லை. கார்டியன் நிறுவனத்தின் ஷவர்கார்டு போல, கண்ணாடியின் மேற்பரப்பையே ஆலையில் அயனிக் கற்றையால் மூடிவிடும் வகை வேறு. தேய்மானம் குறைவு என்பதும் அரிப்பைத் தடுக்கும் என்பதும் அதன் பலம். ஆனால் கண்ணாடியையே அப்படி வாங்கித்தான் தடுப்பு செய்ய வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நிற்கும் கண்ணாடிக்கு ஏற்ற முடியாது.

வைப்பர்

ரப்பர் விளிம்புள்ள கை வைப்பர், பூச்சுக்கு நேர்ப் போட்டி. மேலிருந்து கீழாக நாலு இழுப்பு இழுத்தால் கண்ணாடியில் மிஞ்சியிருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இறங்கிவிடும். மேலே சொன்ன 50 மில்லிலிட்டர் சில மில்லிலிட்டராகிவிடும். தண்ணீர் இல்லையென்றால் உப்பும் இல்லை. ஷவரிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கொக்கியில் அதை மாட்டிவைத்தால்தான் குளித்தவரே இழுப்பார். கதவுக்கு வெளியே வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

தினமும் வைப்பர் இழுக்கும் வீட்டில் பூச்சு இல்லாமலே கண்ணாடி பல வருடம் நன்றாக இருக்கும். இழுக்காத வீட்டில் பூச்சு இருந்தும் கெடும். பூச்சுக்கு உண்மையான இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: வாரத்தில் இரண்டு மூன்று நாள் துடைப்பார்கள், மற்ற நாள் மறந்துவிடும். பெரும்பாலான வீடுகள் இப்படித்தான்.

எந்த வீட்டுக்கு எது

கோயம்புத்தூரின் சிறுவாணித் தண்ணீர்போல மென்னீர் வரும் வீட்டில் பூச்சு தேவையில்லை. 200 முதல் 600 வரை கடினத்தன்மை உள்ள தண்ணீருக்கு, துணியால் பூசும் பாட்டில் வகை போதும். அதைத் தாண்டினால் பூச்சை நினைப்பதற்கு முன் தண்ணீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரைப் பற்றி யோசிக்க வேண்டும். கண்ணாடி மட்டுமல்ல, கீசர், குழாய், வாஷிங் மெஷின், தலைமுடி எல்லாமே அந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. டி.டி.எஸ். குறையாது, காய்ந்தால் புள்ளியும் வரும். ஆனால் அந்தப் புள்ளி ஈரத்துணிக்கே போய்விடும். அப்பார்ட்மென்ட் அடித்தளத்தில் சாஃப்ட்னர் இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதியடையக் கூடாது. அதற்கு உப்பு போட்டு மீட்டெடுக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் போர் தண்ணீர் அப்படியே மேலே ஏறும்.

விலையை ஒப்பிடும்போது சதுர அடிக் கணக்கைப் பார்ப்பதைவிட மாதக் கணக்கைப் பார்ப்பது நல்லது. உள்பக்கம் 40 சதுர அடி, சதுர அடிக்கு 100 ரூபாய் என்று கடையில் கேட்பதாக வைத்துக்கொண்டால் 4,000 ரூபாய். அது நான்கு வருடம் நின்றால் மாதம் 83 ரூபாய். ஒரே வருடத்தில் தேய்ந்தால் மாதம் 333 ரூபாய். 600 ரூபாய் பாட்டிலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசினால் மாதம் 100 ரூபாய். ஆனால் அரைநாள் வேலை சேரும். கடைக்காரர் சொல்லும் ஆயுளைப் பாதியாக வைத்துக் கணக்குப் போட்டாலும் கட்டுப்படியாகிறதென்றால் வாங்கலாம். கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கும் சேர்த்துப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் படுவது உள்பக்கம்தான்.

இதற்கும் மேலே சந்தேகமிருந்தால், ஒரு பாட்டில் வாங்கி ஒரே கண்ணாடியின் இடப்பாதிக்கு மட்டும் பூசி, மூன்று மாதம் இரண்டு பாதிகளையும் ஒரே மாதிரி கவனித்துப் பார்க்கலாம். எந்த விளம்பரத்தையும்விட அந்த வீட்டுத் தண்ணீருக்கு இதுவே நம்பகமான சாட்சி.

வாடகை வீட்டில் கடையில் பூசும் வகைக்குச் செலவு செய்வது பொருளற்றது. மணலடித்துச் சொரசொரப்பாக்கிய ஃப்ராஸ்டட் கண்ணாடியில் அழுக்கு எளிதாகப் பிடிக்கும் என்பதால், மாட்டும்போதே சொரசொரப்புப் பக்கத்தை வெளியே வைத்துவிட்டால் பூச்சு பற்றிய கேள்வியே எழாது. வாளியும் மக்கும் வைத்துக் குளிக்கும் வீட்டில் தண்ணீர் பெரும்பாலும் முழங்கால் மட்டத்தில்தான் தெறிக்கும். அங்கே கீழ் மூன்றடிக்குப் பூசினால் போதும்.

பூசும் முறை

கறை பிடித்த கண்ணாடியின் மேல் பூசினால் கறையைத்தான் மூடிவைப்போம். முதலில் சுண்ணாம்பை வினிகரால் எடுக்க வேண்டும். வினிகரில் நனைத்த டிஷ்யூ காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பத்து நிமிடம் வைத்தால் கீழே வழியாமல் வேலை செய்யும். அடியில் மார்பிளோ கடப்பா கல்லோ இருந்தால் அதன்மேல் சொட்டவிடக் கூடாது. இரண்டுமே அமிலத்தில் அரிபடும். டாய்லெட் கிளீனரில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குழாய்களின் குரோம் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கின் கிரௌட்டையும் கெடுக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கலந்த கறைநீக்கிகளைத் தொடவே கூடாது: கண்ணாடியைத் தின்னும், தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும்.

சுத்தம் செய்த கண்ணாடியை நல்ல தண்ணீரால் அலசி, முழுக்க உலரவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்த பிறகே பூச வேண்டும். ஸ்ப்ரேயைவிடத் துணியால் பூசும் வகை நல்லது. ஃபுளோரின் கலந்த ஒருவகைச் சிலேன், கரிமக் கரைப்பானோடு சேர்ந்து நுண்துளிகளாக நுரையீரலுக்குள் போனால் கடும் பாதிப்பு உண்டாக்கும் என்பதால், அத்தகைய ஸ்ப்ரேக்களைப் பொதுமக்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த விதியால் தடுத்தது. ஸ்ப்ரேதான் கிடைக்கிறதென்றால் துணியில் அடித்து, ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கண்ணாடியில் தேய்க்கலாம். பூசியபின் பாட்டிலில் குறிப்பிட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் ஒருநாள், தண்ணீர் படக் கூடாது. ஒரே குளியலறை உள்ள வீட்டில் இதைத் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும்.

பூச்சு இன்னும் இருக்கிறதா என்பதை மாதம் ஒருமுறை ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்தால் தெரியும். எண்ணெய்க் குளியலுக்கு மறுநாள் பார்ப்பதில் பயனில்லை. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரால் கழுவி, அலசி உலர்த்திய பிறகு பார்க்க வேண்டும். தண்ணீர் துளியாகத் திரண்டு ஓடினால் இருக்கிறது. தகடாகப் பரவினால் தேய்ந்துவிட்டது. வழக்கமாகக் கை படும் கதவுப்பிடியைச் சுற்றியும் ஷவர் நேராக அடிக்கும் இடத்திலும்தான் முதலில் போகும். அந்த இடங்களுக்கு மட்டும் மறுபடி பூசினால் போதும்.

கடையில் பூசும் வகையை வாங்குபவர்கள் பில்லில் பூச்சின் பெயர், எந்தப் பக்கம் பூசியது, பூசிய தேதி மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். சிலேன் பூச்சு பதப்படுத்தும் உலையின் வெப்பத்தைத் தாங்காது என்பதால், கண்ணாடி டஃபன் ஆகி வந்த பிறகே பூசினார்களா என்றும் கேட்கலாம். வாரண்டி அட்டையில் கடினத்தன்மைக்கு வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா, எந்தெந்தக் கிளீனரைப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்ற இரண்டையும் பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும். வீட்டுப் போர் தண்ணீர் அந்த வரம்பைத் தாண்டினால் அந்த அட்டையை வைத்துப் பிறகு ஒன்றும் கேட்க முடியாது. கண்ணாடியைப் பொருத்த வருபவர் உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவதும் நடக்கும். திருகு முடுக்கும் முன் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, துளி ஓடும் பக்கம் ஷவரைப் பார்த்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.